ரப்பர் பட்டைக்கு அடியில்

குராமோச்சி சுமியே (1948–2019) ஜப்பானின் நாகாதோ நகரில், மீன்விழுதை அவித்துக் கட்டியாக்கும் ஆலையொன்றில் இயந்திரங்களைக் கழுவியவர். கழுவிய ஒவ்வொரு பாகத்தையும் விரலால் சுட்டி, உரக்கச் ‘சரி’ என்பது அங்கு முறை. சுமியேயின் குரல் வாசல்வரை கேட்கும்.

“அக்கா, எங்க பக்கம் விரல நீட்டிடாதீங்க. இன்னிக்கு குளிக்கல” என்பர் உடன்வேலை செய்தோர்.

2008-இல் அந்த மீன்கட்டியை உண்ட பெண்ணொருத்தி நோயுற்றுக் கருவை இழந்தாள். டிசம்பர் ஒன்பதாம் நாள் வந்த சுகாதார அதிகாரி, மீன்கட்டிகளை நகர்த்திச் செல்லும் ஓடுபட்டையின் ஓரத்து ரப்பரைக் கழற்றினார். அடியில் வழுவழுப்பான படலம் இருந்தது.

“தெனமும் மருந்து அடிச்சேன் சார். ஒரு நிமிஷத்துல கிருமி செத்துடும்னாங்களே?” என்றார் சுமியே.

“தனியா இருந்தா செத்துடும்மா. இங்க வேறொரு சாதாரண கிருமி பிசின் மாதிரி கூடு கட்டியிருக்கு. நோய்க்கிருமி அதுக்குள்ள பதுங்கிடுச்சு, மருந்து எட்டல. இந்த ரப்பர என்னிக்காவது கழட்டினீங்களா?”

“இல்ல. அதையும் காட்டித்தான் ‘சரி’ன்னேன்.”

கழற்றவேண்டுமென்று கையேட்டில் இல்லாததால் ஆலை அவரைக் குறைகூறவில்லை. சுமியே அழவுமில்லை. மேலும் ஐந்தாண்டுகள் அந்த ரப்பரை நாள்தோறும் கழற்றித் தேய்த்தார்; விரலையும் நீட்டினார். ‘சரி’ என்ற சொல்லை மட்டும் பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

சுமியே கடைசியாகச் ‘சரி’ என்றது 2008 டிசம்பர் 8.