ஹம் இல்லாத மேடை

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் கல்யாண ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற யாரிடம் வேண்டுமானாலும் ஸ்டான்லியைப் பற்றிக் கேளுங்கள். "யாரு, மைக்க அறையுற ஆளா?" என்று சிரிப்பார்கள். இருபது வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறான், தாளம் ஒரு மயிரிழை பிசகியதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பேஸ் வாசிக்கிறவன் தலையெழுத்து அது. அவன் வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது, நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மைக்கை அறைவது என்னவென்றால், மேடை ஏறியதும் அவன் ஒவ்வொரு மைக்காகப் போய்ப் புறங்கையால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவான். ஸ்டாண்டு, கீபோர்டின் இரும்புக் கால், கிட்டார்க் கம்பி எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு. உள்ளங்கையால் தொட்டு அதில் கரண்ட் இருந்தால், விரல்கள் மடங்கி அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை தானாக உதறி விலகிவிடும். கூட வாசிக்கிறவர்களுக்கு இது கேலி. "இன்னாண்ணா, ஆசீர்வாதம் குடுத்து முடிச்சிட்டியா? ஆரம்பிக்கலாமா?" என்பார்கள்.

அவன் சாமான்களும் ஒரு தினுசுதான். மற்றவர்கள் கிட்டாருக்கு விதவிதமான எஃபெக்ட் பெடல் வாங்குவார்கள். இவன் வாங்கியது காலடியில் விரிக்க ஒரு தடித்த ரப்பர் பாய், உட்கார இரும்பு இல்லாத மர ஸ்டூல், பாடுகிறவர் உதட்டில் மைக்கின் உலோகம் படாமல் இருக்க ஒரு டஜன் ஸ்பாஞ்சு உறை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டர். கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பே வேண்டாம், எல்லார் சத்தமும் வந்து சேருகிற மிக்சருக்கு நேராகக் கொடுத்துவிடலாம் என்றுகூடப் பார்த்தான். ஆனால் பாதி மண்டபங்களில் மேடைக்குள் வைக்கிற ஸ்பீக்கர்கள் ஓட்டைத் தகரம். தான் வாசிப்பது தனக்கே கேட்காது. அதனால் ஆம்பை வைத்துக்கொண்டான்.

வாரநாளில் பங்காருபாளையம் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் மெஷின் பார்க்கிறவன். ஞாயிறு காலை சித்தூரில் அவன் போகிற பழைய மிஷன் சபையில் வாசிப்பான். மற்ற முகூர்த்த நாளெல்லாம் மேடைதான். பாடுவது அவன் மனைவி கிருபாவதி. தெலுங்கும் தமிழும் கலந்து அவள் பேசினாலே கூட்டம் கலகலக்கும். கச்சேரி தொடக்கத்தில் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிவிட்டுக் கடைசியில், "பேஸ் கிட்டார்... மா ஆயன, ஸ்டான்லி!" என்பாள். தெலுங்கில் மா ஆயன என்றால் என் வீட்டுக்காரர். அந்த 'மா ஆயன'வை அவள் இழுக்கிற இழுப்பில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். ஸ்டான்லி தலையைக் குனிந்துகொள்வான். வெட்கம் என்று நினைப்பார்கள்.

வெட்கமாவது ஒன்றாவது. அது பதினோரு வருஷத்துப் பயம்.

நம் ஊர்க் கரண்டுக்கு ஒரு சுரம் உண்டு. பேஸில் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட் என்கிற கட்டத்தில் அழுத்தினால் வருகிற ஜி, கொஞ்சம் தூக்கலாக. ஆம்பின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் வெவ்வேறு இடத்தில் மண்ணுக்குப் போனால், ஸ்பீக்கரில் அந்தச் சுரம் ம்ம்ம் என்று இரைய ஆரம்பிக்கும். ஹம் என்பார்கள். அதைப் போக்க ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. அவசரக்காரன் வழியும் ஒன்று இருக்கிறது. ஆம்பின் பிளக்கைத் திறந்து, மேலே இருக்கிற பெரிய பின்னைக் கழற்றிவிட வேண்டியது. ஹம் சட்டென்று போய்விடும். கூடவே எர்த்தும் போய்விடும். அதன்பிறகு ஆம்புக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், அது கிட்டார்க் கம்பியில் வந்து உட்கார்ந்துகொண்டு, மண்ணுக்குப் போக ஒரு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்டான்லி அந்தப் பின்னைக் கழற்றினான். கச்சேரி முடிந்ததும் போட்டுவிடலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்போது குழுவை நடத்தியவன் ஆர்தர், கிருபாவதியின் அண்ணன், ஸ்டான்லியின் உயிர் நண்பன். அன்றைக்குப் பார்த்து ஆர்தரின் ஆம்ப் மக்கர் பண்ணியது. "மச்சான், ஒன் ஆம்புலயே நானும் சொருவிக்கிறேன்" என்று கிட்டாரைச் செருகினான். இடது கை கம்பியில், உதடு மிக்சர் வழியாக மண்ணோடு சேர்ந்திருந்த மைக்கில். ஒரு வரிகூட முழுசாகப் பாடவில்லை. ஸ்டான்லி மைக்கைத் தொடாதவன், மரப் பலகையில் நின்றவன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆர்தரை எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டான்லி பின்தங்கினான். காலியான மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பின்னைத் திரும்பப் போட்டுப் பிளக்கை மூடினான். போலீஸ் வந்து பார்த்தபோது மூன்று பின்னும் இருந்தன. பழி மண்டபத்து எலெக்ட்ரீஷியன் தமிழ்செல்வன் தலையில் விழுந்தது, வேலை போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, அண்ணனை இழந்து நின்ற கிருபாவதியை ஸ்டான்லி கட்டிக்கொண்டான். சபையில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள், இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று. பாவி, அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

அவள் அண்ணனின் கிட்டாரையே எடுத்து வாசிக்கப் பழகினாள். அதற்காகத்தான் ஒயர் இல்லாத வயர்லெஸ் பெட்டி வாங்கினான். ஆம்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஒயர்கூட ஓடக் கூடாது. அவன் வாங்கிய சாமான் ஒவ்வொன்றும் அந்த ஒரு நாளுக்குப் பதில் சொல்லத்தான் வாங்கியது. அவளிடம் மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அவள் இல்லை. அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இந்த ஜூனில் பங்காருபாளையத்தில் கோவர்த்தனன் என்கிற மாங்காய் வியாபாரியின் மகளுக்கு ரிசப்ஷன். மண்டபம் கிடைக்காமல் அவர் மாங்காய் மண்டிக்குப் பின்னால் இருந்த திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாலு மணிக்குச் சாமான் இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, சும்மா இல்லை, வாளியில் மொண்டு ஊற்றினாற்போல. வயர்லெஸ் பெட்டி நனைந்து செத்துப்போனது. ஆம்பின் முதுகில் தண்ணீர் வழிந்தது. துண்டால் துடைத்தான், அரைமணி நேரம் ஃபேன் காற்றில் வைத்தான். மனசு ஆறவில்லை.

"ஒயர்லயே வாசிக்கிறேன், இன்னா இப்ப?" என்றாள் கிருபாவதி. "ஒரு கச்சேரிதான."

வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணம் இருந்தது. வாய்தான் இல்லை. ஆம்பைப் போட்டு டெஸ்டரைக் கம்பியில் வைத்தான், விளக்கு எரியவில்லை. ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஹம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் அவனுக்கு மூச்சே வந்தது. ஹம் இருக்கிறவரை எர்த் இருக்கிறது. ஊரெல்லாம் திட்டுகிற அந்த இரைச்சல்தான் பதினோரு வருஷமாக அவனுக்குத் தாலாட்டு.

சவுண்ட் சர்வீஸ் யோகேஷுக்கு அது மானப் பிரச்சினை. "அண்ணா, மாப்ள ஊட்டுக்காரங்க கேக்குறாங்க, இன்னா தேனீ பறக்குதான்னு."

"இருக்கட்டும் யோகேஷ். பாட்டு ஆரம்பிச்சா தெரியாது. நீ எதையும் தொடாத."

வழக்கமாக அவன் ஆம்பை விட்டு நகரமாட்டான். கிருபாவதிதான் சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து கொடுப்பாள். அன்றைக்குக் கோவர்த்தனன் விடவில்லை. "துன்னாத ஆளு ஏம் பொண்ணு மேடையில ஏறக் கூடாது, வாப்பா!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். கிருபாவதி ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில், பந்திக் கூச்சலையும் மீறி, ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது ஸ்டான்லிக்கு. கையைப் பாதியில் நிறுத்திக் காது கொடுத்தான். பந்தலின் பெரிய ஸ்பீக்கர்கள் ஆனில்தான் இருந்தன. மைக்கில் யாரோ தொண்டையைக் கனைப்பது கேட்டது.

ஹம் இல்லை.

சோற்றுக் கையோடு எழுந்து ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு போனது. மேடைமேல் கிருபாவதி வெறுங்காலோடு பலகையில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்பாஞ்சு உறையைக் கழற்றித் தூர வைத்திருந்தாள், குரல் அமுங்குகிறது என்று எப்போதும் குறைப்படுவாள். தோளில் ஆர்தரின் கிட்டார். அதன் ஒயர் வளைந்து வளைந்து ஆம்புக்குப் போயிருந்தது. இடது கை கம்பியின்மேல் இருந்தது. வலது கையை மைக்கை நோக்கி நீட்டினாள்.

"தொடாத!" என்று கத்தினான். பந்தலில் யார் காதில் விழும்? மேடைப் படியில் முட்டி அடிபட விழுந்து, ஊர்ந்து போய், ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினான்.

கிருபாவதி திரும்பிப் பார்த்தாள். "இன்னா ஆச்சு ஒனக்கு? பேயா புடிச்சிக்கிச்சு?"

பிளக்கைத் திருப்பிக் காட்டினான். இரண்டு பின்தான் இருந்தன. அதற்குள் யோகேஷ் ஓடி வந்தான், முகத்தில் பெருமை வேறு. "ஹம்ம கிளியர் பண்ணிட்டேண்ணா. கச்சேரி முடிஞ்சதும் போட்டுடலாம்னு..." என்று சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளைப் பின்னை எடுத்தான்.

ஸ்டான்லி அவள் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி ரப்பர் பாயில் கிடத்தினான். பிளக்கைச் செருகினான். கம்பியில் டெஸ்டரை வைத்தான். விளக்கு சிவப்பாக எரிந்தது. மழைத் தண்ணீர் உள்ளே தன் வேலையைச் செய்திருந்தது. யோகேஷ் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். கிருபாவதி தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தபோது அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பந்தியில இருந்த. பிளக்க நீ பாக்கவே இல்ல. பின் இல்லன்னு எப்படித் தெரிஞ்சிது?"

"சத்தம் நின்னு போச்சு."

"சத்தம் நின்னா பின் இல்லன்னு யாரு சொன்னாங்க ஒனக்கு?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அனுபவம், புத்தகத்தில் படித்தேன், எது சொன்னாலும் நம்பியிருப்பாள். ஆனால் யோகேஷின் உள்ளங்கையில் அந்தப் பின் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை.

"அன்னிக்கும் நின்னுச்சு" என்றான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அன்னிக்கு மூணு பின்னும் இருந்துச்சே. போலீஸ் பாத்தாங்களே."

"நாந்தான் கழட்டுனேன். நாந்தான் திருப்பிப் போட்டேன். ஆர்தர வெளிய தூக்கிகினு போனப்ப."

யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கீழே கோவர்த்தனன், "இன்னாபா லேட்டு? பொண்ணு மாப்ள வந்துகினு இருக்காங்க!" என்று கத்தினார். கிருபாவதி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"தமிழ்செல்வன் சம்சாரம் நம்ம ஊட்டுக்கு வந்து அழுதாங்க" என்றாள், மெதுவாக. "எங்க ஊட்டுக்காரர் அப்படிப் பண்றவர் இல்லம்மான்னு. நீதான் காபி போட்டுக் குடுத்த."

கிருபாவதி ரப்பர் பாயில் கிடந்த கிட்டாரைப் பார்த்தாள்.

"பயத்துலதான் ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுப் பாக்குறன்னு நெனச்சினு இருந்தேன். எங்க அண்ணன் மேல அவ்ளோ பாசம்னு. ஊரு பூரா அப்படித்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"கிருபா..."

"ஆம்ப தூக்கிப் போட்டுட்டு நேரா மிக்சருக்குக் குடு. ஜனம் காத்துகினு இருக்குது."

குடுத்தான். ஈர ஆம்பைக் கீழே இறக்கி, பேஸை நேராக மிக்சரில் சேர்த்தான். ஆர்தரின் கிட்டார் ரப்பர் பாயிலேயே கிடந்தது, அவள் அதை எடுக்கவில்லை. மைக்கிடம் போனாள். வலது கையை மடக்கி, புறங்கையால் மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள். டொக் என்று பந்தல் முழுக்கக் கேட்டது. ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை. ஸ்டான்லிக்கு அந்தச் சத்தம் தன் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

பிறகு அவள் குரல் வந்தது, கூட்டத்துக்குப் பழகிய அதே குரல், தெலுங்கும் தமிழும் கலந்து. பொண்ணு மாப்பிள்ளைக்கு வாழ்த்து. கீபோர்டு வேணு. டிரம்ஸ் சுனில். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல்.

"பேஸ் கிட்டார்..."

நிறுத்தினாள். கூட்டம் அந்த இழுப்புக்குக் காத்திருந்தது. முன் வரிசையில் சிலர் சிரிக்கத் தயாராகவே இருந்தார்கள். ஸ்பீக்கரில் ஹம் இல்லை, மூச்சு இல்லை, ஒன்றுமில்லை. தலையைக் குனியவேண்டிய ஸ்டான்லி நிமிர்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டான்லி" என்றாள், வெறுமனே.

ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். அவள் பாட ஆரம்பித்தாள். பாட்டு ஜி ஸ்கேல். அவன் மூன்றாவது ஃப்ரெட்டில் விரலை அழுத்தினான், கம்பி அதிர்ந்தது விரலுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஆம்ப் இல்லாததால், அவன் வாசித்தது அவனுக்குக் கேட்கவில்லை.