தோள் வரைக்கும் ஒரு வேண்டுதல்

முடியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டில் ஒரு பெண் தலைமுடியை நேராக்கி, நுனியில் செம்பட்டைக் கலர் அடித்துக்கொண்டு வந்து நிற்பாள். உடனே என் வயசுக்காரிகள் நாலு பேர் கூடிவிடுவார்கள். "நம்ம காலத்துல எல்லாம் இப்படியா இருந்தோம்?" அடப் போங்கடி! நம்ம காலத்தில் வசதி இல்லை, அவ்வளவுதான். ஆசை இல்லாமலா இருந்தது? மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இருந்தது. ஜாஸ்தியாகவே இருந்தது. அந்த ஆசையில் நான் சொன்ன ஒரு பொய்யை எங்கள் அப்பா நம்பினார். அதைச் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்குமோ என்னவோ, சொல்லிப் பார்க்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயசு. திருவண்ணாமலையில், கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. அப்பா மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், எடை போடுகிறவர். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். அம்மா அதற்கும் சேர்த்துப் பேசுவாள். நான் ஒரே பெண். படிப்பை முடித்துவிட்டு டைப் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு நிறம் கம்மி. அதைச் சொல்லாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. ஆனால் சொல்லி முடித்த வாயோடு, "ஆனா முடியைப் பாரு!" என்பார்கள். இடுப்பைத் தாண்டித் தொங்கும். அம்மாவுக்கு அந்த முடிதான் எல்லாம். தெருக் கிணற்றுக்குப் போனாலும் அதே பேச்சு. "எம் பொண்ணு முடிக்கே ஒருத்தன் தேடி வருவான்." வருகிறவன் முடியோடு குடித்தனம் நடத்துவானா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு பொழுது முழுக்க முடிக்கே போய்விடும். எண்ணெய் தேய்த்து ஊறவேண்டும், சீயக்காய் கண்ணில் விழுந்து எரியவேண்டும், மொட்டைமாடி வெயிலில் தலையை விரித்துப்போட்டு உட்காரவேண்டும். கழுத்து வலிக்கும். ஈரம் காயாமல் பின்னினால் நாற்றம். பின்னாமல் விட்டால் பேய் என்பார்கள். என் காலோ ஒரு இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் ஆட்டிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவள் தலையில் போய் ஆண்டவன் இதைக் கட்டிவைத்தான் பாருங்கள்.

அந்த நாளில் வாரப் பத்திரிகை அட்டையில் ஒரு நடிகை, தோள் வரைக்கும் முடியை வெட்டி, காற்றில் பறக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டையைக் கிழித்து டைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அவள் அழகா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை. அவள் கழுத்து லேசாக இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. எங்கள் தெருப் பையன்கள் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே காதை மூடி முடி வளர்த்து, தெருவைக் கூட்டுகிற மாதிரி பெல்பாட்டம் போட்டுத் திரிந்தார்கள். அவர்கள் மானம் ஒன்றும் போய்விடவில்லை. பெண் ஒரு சாண் வெட்டினால் மட்டும் குடும்பமே கவிழ்ந்துவிடுமாம்!

அம்மாவிடம் கேட்டேன். "வெட்டிக்கினு வந்து நில்லு, நான் கெணத்துல விழறேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பகலில் நான் பக்கத்தில் இருப்பேன், சாயந்தரம் அம்மா வருவாள். வீட்டுக்கு வந்தபிறகும் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து அம்மா கொடுப்பாள், அவர் முகத்தைச் சுளிக்காமல் குடிப்பார். மெல்ல மெல்லத் தேறினார்.

அப்போது எதிர்வீட்டு அக்கா ஒருநாள், மகனுக்குக் காய்ச்சல் விட்டதென்று கோயிலில் நுனிமுடியைக் கத்தரித்துப் பூமுடி கொடுத்துவிட்டு வந்தாள். அதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. சாமிக்குக் கொடுக்கிறேன் என்றால் யார் தடுப்பார்கள்? கோயிலில் தோள் வரைக்கும் வெட்டிக்கொள்ளவேண்டியது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மா வீட்டிலேயே பெண்களுக்கு முடி திருத்துவதாக டைப் கிளாஸில் சொல்லியிருந்தார்கள். அடுத்த நாளே அங்கே போய் அட்டைப்படம் மாதிரி சரிபண்ணிக்கொள்ளவேண்டியது. எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். "அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ மலையைப் பார்த்து வேண்டிக்கினேம்மா. பொழைச்சு வந்தா முடியைக் குடுக்கறேன்னு. தோள் வரைக்கும்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பா படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். ஒரு பொய்யை வாயால் சொல்வதைவிடத் தலையால் சொல்வது சுலபம். அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். முடி எடுக்கிற இடத்தில் இருந்த பெரியவர், "பூமுடியா, மொட்டையா?" என்று கேட்டார்.

"தோள் வரைக்கும்" என்றேன்.

அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "தோள் வரைக்கும்னு ஒரு வேண்டுதல் இங்க கெடையாதும்மா. ஒண்ணு, மூணு கத்திரி பூமுடி. இல்ல, முழுசும். நடுவுல என்ன கணக்கு?"

இத்தனை வருஷம் இந்தக் கோயிலைச் சுற்றியே வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லையே! பூமுடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "தோள் வரைக்கும்னு வேண்டிக்கினவ பூமுடி குடுத்தா கம்மி ஆயிடாதுங்களா? நாளைக்கு இவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

"கம்மியா குடுக்கக்கூடாது. ஜாஸ்தியா குடுக்கலாம்" என்றார் அவர்.

அம்மா என் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டாள். எடை பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, "முழுசாவே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முடியை நம்பித்தான் அவள் எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தேன். அப்பா துண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார், என் முடியை வாங்கிக்கொள்ள. கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? உட்கார்ந்து தலையைக் குனிந்தேன்.

சந்தனம் பூசிய மொட்டையோடு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். காது இரண்டும் தனித்தனியாகப் பிய்த்துக்கொண்டு நின்றது. கழுத்து லேசாகத்தான் இருந்தது, அதை மட்டும் மறுக்கமாட்டேன்.

அதற்குப்பிறகு எங்கள் அப்பா மாறிப்போனார். பேசாத மனுஷன் பேச ஆரம்பித்தார். மண்டியில், டீக்கடையில், தெருமுனையில், யார் எங்கே நிறுத்தினாலும் இதே கதை. "எம் பொண்ணு முடியைக் குடுத்து என்னை மீட்டாப்பா." எனக்குப் பூப்போட்ட நைலான் ஸ்கார்ஃப் ஒன்று வாங்கிவந்தார். அவராக எனக்கென்று கடைக்குப் போய் வாங்கியது அதுதான் முதல் தடவை. அதைக் கட்டிக்கொண்டு டைப் கிளாஸுக்குப் போனால் எழுத்து எல்லாம் தப்பும் தவறுமாக விழும். அப்பா யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒருநாள் ஆசிரமத்துப் பக்கம் போனபோது ஸ்கார்ஃப் நழுவிவிட்டது. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளும் மொட்டை, காவி கட்டியிருந்தாள், என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கைகூப்பினாள். எனக்கு வந்த கோபம்! அவள் மொட்டை ஞானம், என் மொட்டை பக்தி என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. என் மொட்டைக்குக் காரணம் ஒரு பத்திரிகை அட்டை என்று எனக்குமட்டும்தானே தெரியும்? அவளுடையதற்கு என்ன காரணமோ, அதுவும் அவளுக்குத்தான் தெரியும். அதிலிருந்து யார் தலையைப் பார்த்தும் நான் அவர்கள் குணத்தைச் சொல்வது கிடையாது.

முடி வளர்ந்தது. முதலில் முள்ளம்பன்றி. பிறகு பள்ளிக்கூடப் பையன். காதை மூடியது, கழுத்தைத் தொட்டது. ஒன்றரை வருஷம், அதற்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கும், ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு பீரோ கண்ணாடி முன்னால் நிற்கிறேன், அட, தோளுக்கு வந்துவிட்டது! தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். பறந்தது. அந்த அட்டைப்படம்தான். டைப் கிளாஸில் ஒருத்தி, "எங்கடி கட் பண்ணே?" என்று பொறாமையோடு கேட்டாள். "கோயில்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்வானேன்.

அந்தச் சமயத்தில்தான் போளூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கூட்டுறவு சங்கத்தில் வேலை. நல்ல இடம், விட்டுவிடக்கூடாது என்று அம்மா காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். சவுரி வைத்துப் பின்னப் பார்த்தாள், நிற்கவில்லை. கடைசியில் குட்டைப் பின்னலில் பூவைச் சுற்றி முடியை மறைத்தாள்.

மறைக்க முடியுமா? பையனுடைய அம்மா நான் காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்துவிட்டார். "முடி ஏன் இப்படி? வெட்டிக்கிச்சா பொண்ணு?" என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அம்மா வாயைத் திறக்குமுன் அப்பா பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி, ஒன்பது நாள், மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டது, கோயில், துண்டில் வாங்கிய முடி, எல்லாம். பாதியில் துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு முகவாயைத் தொட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! சினிமாவைப் பார்த்து முடியை வெட்டிக்கினு திரியற கழுதைங்க நடுவுல, இது குலவிளக்கு! எங்களுக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்" என்றார்.

முடிந்தது. அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் பேசாமல் நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும். ஆனால் கழுதை என்றாரே! அது யாரை? என்னைத்தானே? என்னைத் திட்டி என்னையே கொஞ்சினால் எப்படி நிற்பது?

"நானும் அந்தக் கழுதைதாங்க" என்று சொல்லிவிட்டேன். "நான் ஒண்ணும் வேண்டிக்கல. சினிமாக்காரி படத்தைப் பார்த்து முடி வெட்டிக்க ஆசைப்பட்டேன். வீட்ல விடமாட்டாங்கன்னு வேண்டுதல்னு பொய் சொன்னேன்."

வந்தவர்கள் காபி தம்ளரைக் கீழே வைத்தார்கள். பையன் மட்டும் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மரியாதையாகத்தான் கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்த அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். "பாவி, உன் வாயில மண்ணு விழ!" என்று கத்திவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அடி உறைக்கவே இல்லை. ஒன்றரை வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது, உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம்கெட்டவள்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. புதுச் சட்டையின் கைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். திட்டுவார் என்று எதிரே போய் நின்றேன். திட்டவில்லை.

"அப்ப, எனக்காக நீ எதையும் வேண்டிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

இன்னொரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வேண்டாம், இனிமேல் உண்மைதான் என்று முழுங்கிக்கொண்டேன். "இல்லப்பா. நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு எனக்கு ஒரு நாள்கூடத் தோணலப்பா."

சொன்னது சத்தியம். ஒன்பது நாளும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாவாவது, சாவதாவது! அதைக் கேட்டு அவர் மனசு ஆறிவிடும் என்றுகூட நினைத்தேன்.

அப்பா பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தோணிச்சும்மா" என்றார். "தெனமும்."