மஞ்சளுக்கு ஒரு வீடு

வெர்னா சுரெட்டிடம் நாய்க்குட்டி கேட்டுப் போவதைவிட அவளிடம் பெண் கேட்டுப் போவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவளுக்குப் பெண் இல்லை. ஒரே மகன், ரெமி. அவனை ஒருத்தி விரும்பிக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

யார்மத் என்ற கடலோர ஊருக்குத் தெற்கே, சிங்கி இறால் பிடிக்கிற படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைக்குப் பக்கத்தில் வெர்னாவின் வீடு. அந்தக் கரையில் உருவான நாய் இனம்தான் டோலர். நரியின் நிறம், நரியின் வால், நரிக்கு வாய்க்காத நல்ல மனசு. கரையில் அது துள்ளி விளையாடும்போது இதென்ன கூத்து என்று பார்க்க வாத்துகள் நீந்தி வரும். புதருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். வேடிக்கை பார்க்கப் போனால் என்ன ஆகும் என்பதை வாத்துகள் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. வெர்னா வீட்டுப் படியேறுகிறவர்களும் கற்றுக்கொள்ளவில்லை. குட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருவார்கள். வந்த பிறகுதான் பார்க்கப்படுவது தாங்கள்தான் என்று தெரியும்.

ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார். உயர்ந்த கோட்டு, அதைவிட உயர்ந்த பல்.

"பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க?" என்றாள் வெர்னா.

"கேமரா வச்சிருக்கேங்க. ஆபீஸ்ல இருந்தே பார்த்துக்கலாம்."

"அப்ப நீங்க மீன் தொட்டி வாங்கிக்குங்க. கேமராவுல அது இன்னும் நல்லாத் தெரியும்."

இன்னொருவர், "கிறிஸ்துமஸுக்குப் பசங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் வெர்னா அவருடைய கோட்டை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தாள்.

எல்லோரிடமும் தவறாமல் ஒன்று கேட்பாள்: "உங்க கடைசி நாய் எப்படிச் செத்துச்சு?" வயசாகி என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்தவர்களுக்கு நெடுஞ்சாலைக்கு வழி சொல்லப்படும். அதன் கழுத்துப்பட்டையை இன்னும் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னவர்களுக்குத் தேநீர் கிடைக்கும். ஒரு கிழ மீனவர், "நான்தான் வண்டியைப் பின்னால எடுத்தேன்... பார்க்கலை" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஈற்றிலேயே நல்ல குட்டி அவருக்குத்தான் போயிற்று.

பக்கத்து வீட்டு ஜெரால்டின் குதித்தாள். "ஏன்டி, வண்டி ஏத்திக் கொன்னவனுக்கா குடுத்தே?"

"இனி ஆயுசுக்கும் பின்னால பார்க்காம வண்டி எடுப்பான்னு நினைக்கிறியா?"

எந்தக் குட்டி பிடித்திருக்கிறது என்று யாரையும் அவள் கேட்டதில்லை. எது யாருக்கு என்பதை அவள்தான் சொல்வாள். குட்டிகள் பிறந்து கொடுக்கும்வரை எட்டு வாரமும் அவற்றோடு தரையில் புரண்டவள் அவள். எது தடதடவென்று ஓடும், எது ஒரு சத்தத்துக்கு ஒடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல். சிவப்பு, பச்சை, மஞ்சள். அந்த நூல்தான் பெயர்.

கொடுக்கிற நாளில் சடங்கு ஒன்று உண்டு. வாங்குகிறவர் சமையலறை மேசை முன்னால் உட்கார வேண்டும். குட்டியை மடியில் வைப்பாள். பிறகு அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: என்னால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் விற்க மாட்டேன், யாருக்கும் தூக்கிக் கொடுக்க மாட்டேன், காப்பகத்தில் தள்ள மாட்டேன், இங்கேயே கொண்டுவந்து விடுவேன். வக்கீல்கள், பாதிரியார், ஒரு நீதிபதி, எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி செய்தார்களா என்றால், அது வேறு கதை. ஒரு குட்டி மச்சினனுக்குப் போயிற்று. இன்னொன்று பழைய பொருள் விற்கிற இணையப் பக்கத்தில், தையல் மெஷினுக்கும் பனிச்சறுக்குப் பலகைக்கும் நடுவில் படமாக வந்தது. நீதிபதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இத்தனை கேள்வி கேட்கிறவள் ஒரே ஒருவனுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் குட்டி கொடுத்திருந்தாள். ரெமிக்கு. வருஷங்களுக்கு முன்னால், மகன்தானே என்று. அவன் அப்போது படகில் வேலை செய்தான். படகில் இல்லாத நேரமெல்லாம் குடித்தான். அந்த நாயை யாரோ ஒரு சிநேகிதனின் கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டு மறந்து போனான். வெர்னாவே போய் அவிழ்த்துக் கொண்டுவந்தாள். அதன் விலா எலும்புகளைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, தூரத்திலேயே எண்ணிவிடலாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்ததில்லை. தாயும் மகனும் வானிலையைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

இந்த வருஷம் மே மாத முடிவில், பருவம் முடிந்து இறால் வலைக்கூண்டுகளைக் கரையேற்றிய வாரம், ரெமி வந்தான். குடியை விட்டு ஒரு குளிர்காலம் ஓடியிருந்தது. எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலிக்குப் போகவில்லை. குட்டி கேட்டு வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"என்னடா அங்க உட்கார்றே?"

"மத்தவங்களைக் கேட்கிற மாதிரி என்னையும் கேளும்மா."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நெடுநேரம் அவனைப் பார்த்தாள். பிறகு, வேறு யாரையோ கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"பகல்ல யார் இருப்பா?"

"படகை விட்டுட்டேன். மர மில்லுல வேலை. முதலாளி நாயைக் கூட்டியாரலாம்னு சொல்லிட்டாரு. அவர் நாயே அங்கதான் தூங்குது, முதலாளியும்."

"வேலி?"

"போட்டாச்சு. கோணலா இருக்கு. ஆனா உறுதியா இருக்கு."

"எதுக்கு உனக்கு நாய்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடியறப்ப யாராவது எனக்காகக் காத்திருக்கணும்மா. இல்லாட்டி அந்த நேரத்துக்கு என் கால் தானா வேற பக்கம் போவுது."

வெர்னா நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டாள்.

"உன் கடைசி நாய்..."

"சாகலை. நீ வந்து அவுத்துட்டுப் போனே." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எந்தக் கயிறுன்னுகூட ஞாபகம் இருக்கு. நீல நைலான். நான்தான் கட்டினேன். முடிச்சு ரொம்ப நல்லாப் போட்டிருந்தேன்."

அவனுக்கு மஞ்சள் என்று வெர்னா முடிவு செய்தாள். ஈற்றிலேயே அமைதியான பெட்டைக் குட்டி அது. மற்றவை பந்தைப் பார்க்கும்போது பந்தைப் போட்டவர் முகத்தைப் பார்க்கும். மடியில் வைத்ததும் ரெமியின் தாடையை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே தூங்கிப்போயிற்று. அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக.

ஜெரால்டின் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "உன் மகனா இல்லாட்டி குடுத்திருப்பியா?"

"மகனா இல்லாட்டி இன்னும் சீக்கிரமே குடுத்திருப்பேன்."

அந்தக் கோடை நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெமி மஞ்சளோடு வருவான். வெர்னா உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து கோழியோடு ராப்பி பை வேக வைத்திருப்பாள். அந்தப் பதார்த்தம் பார்க்கப் பசை போலவும் தின்னச் சொர்க்கம் போலவும் இருக்கும். அவன் அதன் மேல் வெல்லப்பாகை ஊற்றித் தின்பான். "நாயைக் காட்ட வர்றேன்னு நினைச்சுக்காதே. பை திங்க வர்றேன்" என்பான். "நாய் மட்டும் வந்தாலும் பை உண்டு" என்பாள் அவள். அவன் சிரிப்பான். சிரித்தால் அவன் அப்பா வில்லார்டின் சாயல் வரும். அவரும் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. குட்டிக்கு வேறு பெயர் வைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "இதைவிட நல்லா ஒண்ணும் தோணலை" என்றான்.

மர மில் செப்டம்பரில் ஆட்களைக் குறைத்தது. அதை ரெமி சொல்லவில்லை. ஜெரால்டின்தான் சொன்னாள். ஞாயிறுகளில் இரண்டு தப்பின. மூன்றாவதில் வந்தான், ஷேவ் செய்திருந்தான், அளவுக்கு மீறிப் பேசினான். வெர்னா ஒன்றும் கேட்கவில்லை. ஊரார் வேலியையும் வேலை நேரத்தையும் துருவித் துருவிக் கேட்கிற வாய்க்கு, சொந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம். அவன் பொய் சொல்லக்கூடியவனாக இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

நவம்பர் கடைசியில் இறால் பிடிக்கும் பருவம் திறக்கிறது. அதற்கு முந்தைய நாள் துறை முழுக்க வலைக்கூண்டுகள் அடுக்கியிருக்கும். ஊரே அங்கேதான் நிற்கும். அன்று மத்தியானம் ரெமியின் வண்டி வெர்னாவின் முற்றத்தில் வந்து நின்றது. ஒரு கையில் மஞ்சளின் கயிறு. தோளில் பாதி காலியான தீனி மூட்டை, இன்னொரு கையில் மஞ்சளின் கிண்ணம், அதன் போர்வை, துவைத்து மடித்தது.

"என்னடா இது?"

"மறுபடி ஆரம்பிச்சுட்டேம்மா." வாசலுக்கு உள்ளே வரவில்லை. "அதுக்கு இன்னும் தெரியாது. தெரியறதுக்கு முன்னாடி கொண்டாந்துட்டேன்."

இந்த இடத்தில் வெர்னா செய்ததைத்தான் ஜெரால்டின் இன்றுவரை மன்னிக்கவில்லை, வெர்னாவும்தான்.

திரும்பி வருகிற நாயை என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைகளுக்கு மனப்பாடம். யார் கொண்டுவந்தாலும் அதுதான்: முதலில் நாய், பிறகு மனிதர்கள். கயிற்றை வாங்கினாள். மஞ்சளைத் தூக்கி முடி சீவுகிற மேசைமேல் நிறுத்தினாள். விலாவைத் தடவினாள். உதட்டை உயர்த்தி ஈறை அழுத்திப் பார்த்தாள். காதுகளை மோந்தாள். பாத விரல்களுக்கு நடுவே பிரித்துப் பார்த்தாள். கொட்டகையில் கட்டிக் கிடந்த அந்தப் பழைய நாய் அவள் விரல் நுனிகளில் இருந்திருக்க வேண்டும்; எங்கே குறை, எங்கே குறை என்று அவை தேடின. குறை இல்லை. நகம் வெட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு இல்லை. சதை அளவாக இருந்தது. முப்பது வருஷத்தில் அவளிடம் திரும்பி வந்த நாய்களில் இத்தனை ஒழுங்காக வைத்திருந்த நாய் இல்லை.

"நல்லா வச்சிருக்கேடா" என்றாள், நாயைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப நல்லா வச்சிருக்கே."

பதில் வராததால் திரும்பினாள். வாசல் திறந்திருந்தது. தீனி மூட்டை படியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் மஞ்சளைப் பிடித்தபடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வண்டி தேவாலயத் திருப்பத்தில் இருந்தது.

"நாய் எங்கடி ஓடிடப் போவுது? அவன் முகத்தைப் பார்க்கக் கூடாதா நீ?" என்றாள் ஜெரால்டின், நடந்ததைக் கேட்டுவிட்டு.

"பார்த்தேன்."

"என்ன போட்டிருந்தான் சொல்லு."

வெர்னாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெர்னா கூப்பிட்டபோதெல்லாம் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிப்பதும் நின்றது. அவன் குடியிருந்த வீட்டில் வேறொருவர் குடிவந்தார். வேலி கோணலாக இருக்கிறதென்று பிடுங்கிப் போட்டார். மேற்கே எண்ணெய் வயல்களுக்குப் போகிற பஸ்ஸில் அவனைப் பார்த்ததாகத் துறையில் ஒருவன் சொன்னான். பார்த்தவன் நிதானத்தில் இருந்தானா என்று வெர்னா கேட்கவில்லை. அந்தச் செய்தி அவளுக்கு வேண்டியிருந்தது.

வசந்தத்தில் ஒரு தம்பதி வந்தார்கள், அன்னபோலிஸ் பக்கமிருந்து. இப்படிப்பட்டவர்களைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கத் தேடினாள். இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வேலி போட்ட ஆப்பிள் தோட்டம். கடைசி நாயைப் பற்றிக் கேட்டபோது மனைவி கணவனைப் பார்த்தாள், கணவன் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டான். தேநீர் வந்தது. வெல்லப்பாகு பிஸ்கட்டும் வந்தது. அடுத்த ஈற்றில் ஒரு குட்டி உண்டு என்று வெர்னா சொல்ல வாயெடுத்தபோது, மஞ்சள் அந்தப் பெண்ணின் முழங்காலில் தலையை வைத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவ?" என்றாள் அந்தப் பெண். "இவளுக்கு வீடு பார்த்தாச்சுங்களா?"

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் வெர்னா அந்த நிமிஷமே மடியில் தூக்கி வைத்திருப்பாள். திரும்பி வந்த நாயை ஆசைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்கென்று ஆட்கள் அமைந்தால் அனுப்பிவிட வேண்டும் என்று எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்னவள் அவள். மஞ்சள் ரெமியை மறந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது, கரையில் துள்ளுகிறது, வாத்துகளை ஏமாற்றுகிறது. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னலில் நிற்பது நாய் இல்லை.

"இது ஒருத்தரோட நாய்ங்க. வெளியூர் போயிருக்காரு" என்றாள் வெர்னா.

"ஓ. எப்ப வருவாரு?"

"தெரியலைங்க."

அந்தப் பெண் மஞ்சளின் காதைத் தடவினாள். கணவன் கோட்டை எடுத்துக்கொண்டான். முற்றத்தில் காரின் கதவைத் திறந்ததும் மஞ்சள் அவர்கள் கூடவே ஓடி, முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, ஏறலாமா என்று திரும்பிப் பார்த்தது. அதற்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

"வா இங்க" என்றாள் வெர்னா. அது வரவில்லை. இறங்கிப் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கார் போன பிறகும் பிடியை விடவில்லை.