வில்லுக்குறி ரோட்டில் ஏறியவர்கள்

வண்டிக்காரனுக்கு முன்னால் போகிற காளைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளால்தான். வாடகை வண்டி ஓட்டிய உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முகம் தெரியாத ஒருவனைப் பின்னால் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் காளையின் வாலைப் பார்த்துக்கொண்டே போகிற பிழைப்பு நம்முடையது. திருவிதாங்கூரில் பஸ் ஒன்றிரண்டு ஓடத் தொடங்கியிருந்த காலத்தில் நான் குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்கும் வண்டி அடித்தேன். அந்த ரோட்டில் அப்போது வண்டிக்காரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையனுக்கு அடிக்காத மணி

தங்கையனும் நானும் ஒரே ஊர், ஒரே சபை, ஒரே தொழில். வில்லுக்குறிக்கு இந்தப் பக்கம் ஆலமரத்தடியில் அவன் வண்டி நுகம் தரையில் கிடக்க நின்றது. காளைகள் இல்லை. பக்கத்து ஓடையில் அவன் செத்துக் கிடந்தான். உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வாயில் வெற்றிலைச் சிவப்பு. அது எந்த வண்டிக்காரன் வாயிலும் இருப்பதுதான். சாகும் முன் அவன் தள்ளாடி நடந்ததையும், உளறியதையும், கண்ணுக்குத் தெரியாத நூலைப் பிடிக்கிறவன்போல் காற்றில் கையை அளைந்ததையும் வயலில் நின்ற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு முன்னால் இரண்டு வண்டிக்காரர்கள் இதே மாதிரித்தான் போனார்கள். ஆலமரத்து இசக்கி அடித்துவிட்டாள் என்றது ஊர். காளையை விற்றுக் கள்ளு குடித்துச் செத்தான் என்றார் போலீஸ் ஏட்டு.

எங்கள் சபை உபதேசியாரும் ஏட்டு சொன்னதையே பிடித்துக்கொண்டார். குடித்துச் செத்தவனுக்குக் கோயில் மணி அடிப்பதில்லை என்பது எங்கள் சபை வழக்கம். மணி இல்லாமல், கல்லறைத் தோட்டத்து மூலையில் வேலி ஓரமாகத் தங்கையனைப் புதைத்தோம். அவன் பெண்டாட்டி தாயம்மாள் அழவில்லை. உபதேசியாருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: “எனக்க மாப்பிள வெளிய ஒருத்தன் கையால பச்சத்தண்ணி குடிக்கமாட்டாரு. பின்ன கள்ளு எப்பிடிண்ணே குடிச்சாரு?”

நாய் எழும்புகிறவரை

அதற்குப் பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஏறுகிறவர்கள் எது தந்தாலும் வாங்கித் தின்பதில்லை என்று வண்டிக்காரர்கள் எல்லோரும் கூடிச் சத்தியம் செய்துகொண்டோம். முதலில் மாட்டியவர் உபதேசியார். நாகர்கோவில் போக ஏறிய மனிதர், தக்கலை தாண்டியதும் டப்பாவிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு நாளும் இல்லாத அன்பு. தங்கையன் கள்ளால்தான் செத்தான் என்று சாதிக்க இவருக்கு அப்படி என்ன அவசரம் என்று என் புத்தி ஓடியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அதை ரோட்டோர நாய்க்குப் போட்டுவிட்டேன்.

நாய் தின்றது, நாலடி நடந்தது, வெயிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. நான் வண்டியை நிறுத்திவிட்டேன். நாய் எழும்பாமல் வண்டி நகராது என்றும், எழும்பாவிட்டால் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான் என்றும் சொன்னேன். உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு, டப்பாவில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் தின்று காட்டினார். நான் அசையவில்லை. வெகுநேரம் கழித்து நாய் சோம்பல் முறித்து எழுந்து, இன்னும் கிடைக்குமா என்று வாலாட்டியது. உபதேசியார் டப்பாவை மூடினார். “ஏலே, நாய்க்கு சொகந்தான். இனி அதையும் ஏத்திக்கிட்டு போவோமா, இல்ல நாம மட்டும் போவோமா?”

கருவாட்டுக் கடவம்

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரி ஒருத்தி நெத்திலிக் கருவாடு நிறைந்த கடவப்பெட்டியோடு ஏறினாள். பெட்டியை மடியைவிட்டு இறக்கவே இல்லை. ஒரு குலுக்கலில் மூடியிருந்த ஓலை விலகியது; கருவாட்டுக்கு நடுவே மீன் வெட்டுகிற கத்தி. காய்ந்த நெத்திலிக்கு எதற்குக் கத்தி? அதற்குப் பிறகு நான் ரோட்டைப் பார்க்கவில்லை. உடம்பை ஒருச்சாய்த்து அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவளும் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சக்கரம் வாய்க்காலில் இறங்கியபோதுதான் இரண்டு பேரும் முன்னால் பார்த்தோம்.

சக்கரத்தைத் தூக்க அவளும் தோள் கொடுத்தாள். அந்தத் தைரியத்தில் கத்தி எதற்கென்று கேட்டேன். அவள் கூச்சமே படவில்லை. “இந்த ரோட்டுல வண்டிக்காரனுவளுக்கு பேய் பிடிக்குன்னு சொல்லுதாவ. ஒம்மள நெனச்சுதான் அண்ணாச்சி எடுத்துட்டு வந்தேன்.”

முறுக்கான்

கடைசியாகச் சொல்லவேண்டியவர் மாட்டுத் தரகர். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். வெள்ளை வேட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கையில் பித்தளை வெற்றிலைச் செல்லம். என் காளைகளைத் தடவிப் புகழ்ந்துவிட்டுத்தான் ஏறினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, வழியில் யார் எது தந்தாலும் தின்றுவிடாதே என்று எனக்குப் புத்தி சொன்னார். கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் முன்னால் பார்த்து நிம்மதியாக ஓட்டினேன். வில்லுக்குறி நெருங்கும்போது வெற்றிலையில் பாக்கு வைத்து ஒரு முறுக்கான் மடக்கி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வெற்றிலை பாக்கை யாராவது தீனி என்பார்களா? எங்கள் சத்தியத்தில் அது வரவே இல்லை.

ஆனால் ரோட்டில் ஒரு மரியாதை உண்டு. ஒருவன் முறுக்கான் தந்தால் நாமும் நம்முடையதில் ஒன்று மடக்கி அவனுக்குத் தரவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து வாயில் போடவேண்டும். நான் மடக்கித் தந்தேன். அவர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. என் கை முறுக்கான் அவ்வளவு இளப்பமா என்ற கோபத்தில் நானும் அவர் தந்ததைப் போடவில்லை. சேர்ந்து போடுவோம் என்று வற்புறுத்தினேன். பல்வலி என்று சிரித்தார். பல் எல்லாம் தேங்காய்ச் சில்லுபோல் வெளுப்பு. செல்லம் சுமக்கிறவன் வாயில் பொட்டுச் சிவப்பில்லை. அப்போதுதான் தங்கையன் வாயிலிருந்த சிவப்பு ஞாபகம் வந்தது. பச்சைத்தண்ணீர் வாங்காத அவனும் முறுக்கானை மறுத்திருக்கமாட்டான்.

ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், வில்லுக்குறிச் சந்தையில் வண்டிகள் கூடி நிற்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்ட வண்டிக்காரர்கள் சுற்றி வளைத்துக்கொண்டு, உம்முடைய முறுக்கானை நீரே போடும் என்றார்கள். அவன் குதித்து ஓடினான், சந்தையைத் தாண்டவில்லை. செல்லத்தின் அடித்தட்டில் இடித்த ஊமத்தை விதை இருந்தது. அதைத் தின்றவன் குடிகாரன் மாதிரித் தள்ளாடி உளறுவான். அந்த நேரத்தில் காளைகளை அவிழ்த்துக்கொண்டு போவதுதான் தன் வேலை என்று ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டான். தங்கையனையும் மற்ற இரண்டு பேரையும் அவன்தான் கொன்றிருந்தான்.

சேதி கேட்டு உபதேசியார் தாயம்மாள் வீட்டுக்கு வந்தார். நானும் கூட இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஜெபம் நான் பண்ணிக்கிடுவேன் அய்யா. நீங்க போயி மணிய அடியுங்க.”

அன்று சாயங்காலம் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது: உபதேசியாரையும் கருவாட்டுக்காரியையும் தூங்கின நாயையும்கூட நம்பாத நான், அந்த ரோட்டில் முழு மனசாக நம்பி ஏற்றிய ஒரே ஆள் அவன்தான்.