நானா சொல்லாத பெட்டரி

என் கரண்டு கிட்டாரைப் பார்த்து "இது என்ன கம்பெனி?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சொல்ல ஒரு கம்பெனி இருந்தால்தானே! கழுத்து ஜப்பானில் செய்தது. உடம்பு நம்மூர்ப் பலாப்பலகை. கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் இரண்டும் சவூதியிலிருந்து யாரோ கொண்டுவந்தவை. சுருதி கூட்டும் ஆணிகள் ஆறில் நாலு வெள்ளி நிறம், இரண்டு பித்தளை நிறம். இத்தனையையும் ஒன்றாகப் பூட்டியவர் அலவத்துகொடையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. அதைக் கல்யாண வீடுகளில் கொஞ்சக் காலம் வாசித்த ஒருவர், வெளிநாடு போகும்போது அவரிடமே திருப்பி விற்றிருந்தார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிட்டார் பைத்தியம் வேறு. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, முதன்முதலாக அந்தக் கடைக்குப் போய் அதை வாசித்துப் பார்த்தேன். அடேயப்பா, என்ன சத்தம்! இத்தனை சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினேன்.

வழியில் செக்பொயின்ட். எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டினோம். என் அட்டையைப் பார்த்ததும் பொலிஸ்காரர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

"இதுக்குள்ள என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க சேர், வெறும் மரம்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். எவ்வளவு பெரிய மேதாவி நான்! திறந்தே பார்க்காத சாமானுக்குச் சாட்சி சொல்கிறேன். அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே சிவப்பும் கறுப்புமாக வயர்கள். நடுவில் ஒரு சின்னச் சதுரப் பெட்டரி.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர்கூட நாலடி தள்ளி நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளில் ஒரு தமிழ்ப் பையனின் கையில் வயரும் பெட்டரியும் இருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? பஸ் போய்விட்டது. என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் ஒரு மர வாங்கில் உட்காரவைத்தார்கள். பெட்டரியைவிட என் பொய்தான் அங்கே பெரிதாகிவிட்டது. "ஒன்றுமில்லை என்று ஏன் சொன்னாய்?" திரும்பத் திரும்ப அதே கேள்வி. எங்கள் லயத்தில் ஒருவரை இப்படித்தான் விசாரிக்க என்று கொண்டுபோனார்கள். ஒரு வருஷம் உள்ளே இருந்தார்.

நல்ல காலம், நான் கிட்டாரோடு எங்கே ஏறினேன் என்று கண்டிருந்த பஸ் கொண்டக்டர் திரும்பிப் போகும்போது நானாவின் கடையில் இறங்கி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஜும்மா தொழுகை நேரம். பள்ளிவாசலுக்குப் போக வெள்ளைத் தொப்பியோடு கிளம்பிய மனிதர் அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். அவரை வாசலில் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"தம்பி, தொறந்து பாக்காமயா சாமான் வாங்கிற?" என்று முதலில் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

பிறகு இன்ஸ்பெக்டரின் மேசையில் கிட்டாரை வைத்து வயர் வயராகக் காட்டினார். பிக்கப் சக்தி குறைந்தது, சத்தத்தைக் கூட்டத்தான் பெட்டரி. மற்ற ரேடியோக்காரர்கள் இந்த வித்தையைப் பார்த்துப் பழகிவிடுவார்கள் என்று வாங்குகிறவர்களுக்கும் அதைச் சொல்வதில்லையாம். "இவர் பொய் சொல்லவில்லை சேர். சொல்லாமல் விற்றது என் பிழை. பிடிப்பதென்றால் என்னைப் பிடியுங்கள்" என்றார் சிங்களத்தில்.

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவனை உனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"ரெண்டு வருஷமாக. நல்ல பிள்ளை."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்படியென்றால் பொறுப்பெடுத்து எழுதிக் கொடு. இவன் ஏதாவது செய்தால் நீதான் உள்ளே."

நானா கதிரையை இழுத்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அவர் என் பக்கம் திரும்பி, தண்ணீர் வேண்டுமா என்று விசாரிப்பவர் மாதிரி சாதாரணமாகக் கேட்டார்:

"தம்பி, ஒங்கட பேரென்ன?"

சொன்னேன். அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.