வெள்ளிக்கிழமைகளின் எடை

முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை, மின்வெட்டு, வாசித்து முடித்த புத்தகம், பேக்கரிப் பாணின் விலை எல்லாம் திகதியோடு அதில் இருக்கும். என் எடை மட்டும் இருந்ததில்லை. தங்கைக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க முன்வந்த பிறகுதான் அதை எழுதத் தொடங்கினேன்.

தங்கை கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். என்னைப்போலவே பருத்த உடம்பு. அவளுக்கு நீரிழிவும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அந்த நாட்களில் அவள் கணவர், என் மச்சான், புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலுள்ள தன் ஃபோட்டோகொப்பிக் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போவார். வழக்கறிஞர்களின் கிளாக்குமார் பூட்டிய கதவுக்கு முன்னால் எத்தனை நாள் நிற்பார்கள்? பக்கத்துக் கடைக்குப் பழகிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நானும் போய்க் காத்திருந்திருக்கிறேன். அங்கே அநேகமாக ஒவ்வொரு நோயாளிக்கும் அருகில், அன்று வேலைக்குப் போகாத ஒருவர் இருந்தார்.

பரிசோதனையில் என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. ஆனால் டொக்டர் என் வயிற்றைத்தான் பார்த்தார்.

"இந்த உடம்போட உங்களை மேசையில கிடத்த மாட்டன். பதினைஞ்சு கிலோ குறைச்சுப்போட்டு வாங்கோ. இல்லாட்டி பிறகு உங்களுக்கும் தங்கச்சிக்குப் பக்கத்தில ஒரு கட்டில் போடவேணும்."

அன்றே ஒரு தராசு வாங்கினேன். வெள்ளவத்தையில் கடற்கரை வீதியில் விடியவே நடந்தேன். தேநீரில் சீனியை விட்டேன்; சோற்றைப் பாதியாக்கினேன். இரண்டு மாதத்தில் நான்கு கிலோதான் இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்புகளைப் பிந்தியதிலிருந்து முந்தியதாகப் பார்த்துக்கொண்டு போனபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொரு சனி காலையும் எடை ஏறியிருந்தது.

வெள்ளி எங்களுக்கு விரதநாள். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. மதியம் தங்கை வீட்டில்தான் சாப்பாடு: குவித்த சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், வடை, பாயாசம். மாலையில் கோயில் சர்க்கரைப் பொங்கல். விரதம் என்று பெயர் இருந்ததால் அதையெல்லாம் சாப்பாடாகவே நான் நினைத்ததில்லை.

அடுத்த வெள்ளி அவள் வடையை வைத்தபோது வேண்டாம் என்றேன்.

"ஏன், பழைய எண்ணெய் எண்டு நினைக்கிறியளோ?"

கையோடு கொண்டுபோயிருந்த நாட்குறிப்பை விரித்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் கெடுத்திருக்கிறன்."

"சாப்பிட்டது நான்தானே."

"எனக்கு வாய்க்கு ருசியா ஒண்டும் சாப்பிட ஏலாது, அண்ணா. நீங்கள் சாப்பிடுறதைப் பாத்தா எனக்கு..." முடிக்காமல் தட்டைத் தூக்கி மச்சானுக்கு முன்னால் வைத்தாள். "இந்தாங்கோ, நீங்கள் சாப்பிடுங்கோ. உங்கட கிட்னியை ஒருத்தரும் கேக்கேல்லை."

மச்சான் ஒரு வடையைக் கையில் எடுத்தார். தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

இப்போது வெள்ளிகளில் கோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, கொட்டாஞ்சேனை வரை நடந்து போகிறேன். அவித்த கடலையும் கீரையும் கொஞ்சச் சோறும் வைத்திருப்பாள். சனி காலை ஆறரைக்குத் தொலைபேசியில் எடையைக் கேட்பாள்.

போன கிளினிக்கில் இன்னும் மூன்று கிலோ மிச்சம். திரும்ப எடை பார்க்க டொக்டர் புதுத் திகதி தந்தார். வெளியே வந்து தொலைபேசியில் தங்கைக்குச் சொன்னேன். ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன்.

"மூண்டுதானே," என்றாள். "நான் இருக்கிறன். நீங்கள் நடவுங்கோ."