விரலை வைத்தால் ஆள் இல்லை!

முதலில், அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து வந்த தணிக்கை அதிகாரி மேடம். அவரோடு லேப்டாப் தூக்கிவந்த தம்பி. எங்கள் ஐ.டி.ஐ. முதல்வர். ஃபிட்டர் பிரிவு அன்பழகன் மாஸ்டர். ஆபீஸ் கிளார்க் சுமதி. ஃபிட்டர் படிக்கும் பிள்ளைகள் பத்தொன்பது பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். அப்புறம் நான். ஆக இருபத்தைந்து. ஜீப்பில் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிய டிரைவரைச் சேர்க்கவில்லை.

எதற்கு இவ்வளவு கறார் என்கிறீர்களா? அன்றைய தகராறே அதுதான். எதிரில் நிற்கிற பத்தொன்பது பேரும் நிஜமாகவே அங்கே படிக்கிறவர்களா... இல்லை, அன்றைக்கு மட்டும் பிடித்துவந்த ஆட்களா?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பெரம்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று கவலை. இறங்கினால் வீட்டில் கேஸை மூடினோமா என்று கவலை. இப்பேர்ப்பட்டவனை ஐ.டி.ஐ. நிர்வாகக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள் – ‘உள்ளூர்த் தொழில்துறைப் பிரதிநிதி’ என்று! மீட்டிங்குக்கு முதல் நாள் சோறு இறங்காது எனக்கு.

ஐ.டி.ஐ. இருப்பது அரியலூர் போகிற ரோட்டில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில். நடத்துவது ஒரு டிரஸ்ட். பணம் அரசாங்கத்துடையது. அரசாங்கப் பணம் சும்மா வருமா? நிபந்தனைகளோடு வரும். இத்தனை பேருக்கு ஒன்று என்று, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனிக் கழிவறை வேண்டும், தீயணைப்பான் சுவரில் தொங்க வேண்டும்... எல்லாவற்றிலும் நாங்கள் பாஸ்.

ஒன்றே ஒன்றைத் தவிர. பிள்ளைகளின் வருகை எண்பது சதவீதம் இருக்க வேண்டும். அதுவும் விரல் வைக்கும் மெஷினில் பதிவாகியிருக்க வேண்டும். கையெழுத்து ரிஜிஸ்டர் செல்லாது. வருகை குறைந்தால் இரண்டாம் தவணைப் பணம் கிடையாது. பணம் வரவில்லை என்றால் ஃபிட்டர் பிரிவை மூடிவிடுவோம் என்று டிரஸ்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாஸ்டருக்கு வேலை போகும். பத்தொன்பது பிள்ளைகளும் பாதிப் படிப்போடு வீட்டுக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் ஒழுங்காகத்தான் வந்தார்கள். மெஷின்தான் ஒத்துக்கொள்ளவில்லை!

ஃபிட்டர் படிப்பு எப்படி என்று தெரியுமில்லையா? முதல் சில மாதங்கள் அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் கடித்துப் பிடித்து, நான்கு பக்கமும் மட்டமாகும்வரை ராவு ராவென்று ராவ வேண்டும். சாயங்காலம் கையெல்லாம் கரி. மெஷினுக்கு மேலே முதல்வர் ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தார் – ‘கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு விரல் வைக்கவும்’. பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள். குழாயடியில் ஒரு வாளி மணல், ஒரு டப்பா சோப்புத்தூள். இரண்டையும் கலந்து பரபரவென்று தேய்ப்பார்கள். எங்கள் பட்டறைகளிலும் இதுதான் வழக்கம். கரியும் போகும், கூடவே விரல் ரேகையும் போகும். விரலை வைத்தால் மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் – “ப்ளீஸ் ட்ரை அகெய்ன்!”

மெஷின் கம்பெனிக்குப் புகார் சொன்னோம். ஓர் ஆள் வந்தார். தன் விரலை வைத்தார். “தேங்க் யூ” என்றது மெஷின். “ஒரு கோளாறும் இல்லீங்களே” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

தணிக்கைக்கு வருகிறோம் என்று லெட்டர் வந்ததும் மாஸ்டர் என் பட்டறைக்கு வந்தார். முகமே சரியில்லை. எனக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. யோசனையா அது... விதி!

ரேஷன் கடையில் என் விரலையும் மெஷின் ஏற்காது. “ஒங்க வெரலப் பாத்தாலே அது அழுவுது, நானே போறேன்” என்று வீட்டுக்காரிதான் போய் அரிசி வாங்கிவருவாள். ஒருமுறை காய்ச்சலில் பத்து நாள் பட்டறைப் பக்கமே போகாமல் கிடந்தேன். அப்புறம் ரேஷன் கடைக்குப் போனால், முதல் தடவையிலேயே டக்கென்று எடுத்துக்கொண்டது!

“மாஸ்டர், பிள்ளைங்க கையில அரமே குடுக்காதீங்க. ஆடிட் முடியிற வரைக்கும் தியரி மட்டும் நடத்துங்க. ராத்திரி படுக்கையில வெளக்கெண்ணெய் தடவச் சொல்லுங்க” என்றேன்.

“வேல செய்யுமாண்ணே?”

“என் வெரலே சாட்சி!”

வேலை செய்தது. நாலைந்து நாளில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தேற ஆரம்பித்தன. தேங்க் யூ... தேங்க் யூ... தேங்க் யூ! மாஸ்டர் போனில் அந்தச் சத்தத்தையே எனக்குக் கேட்கவைத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஐ.டி.ஐ. பட்டறைக்கு வெள்ளையடிக்கவும் நானே ஆள் அனுப்பினேன்.

ஆடிட் அன்று காலை, மேடம் முன்னால் பத்தொன்பது பேரும் வரிசையாக விரல் வைத்தார்கள். பத்தொன்பது தேங்க் யூ. நான் முதல்வரைப் பார்த்து மெல்லக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

மேடம் சிரிக்கவில்லை. லேப்டாப் தம்பி திரையை அவர் பக்கம் திருப்பினார். அதைப் பார்த்துவிட்டு மேடம் கேட்டார்:

“மாசக்கணக்கா பாதி வகுப்பு காலி. நாங்க லெட்டர் போட்டோம். போட்ட வாரத்துலேர்ந்து எல்லாரும் ஆஜர். எப்படி சார்?”

முதல்வர் கையெழுத்து ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினார். மேடம் அதைத் தொடவில்லை.

மேடம் எழுந்து பிள்ளைகளிடம் போனார். “கையக் காட்டுங்க.” காட்டினார்கள். வெளக்கெண்ணெய் மினுமினுப்பில், கல்யாணப் பெண் கை மாதிரி பத்தொன்பது ஜோடிக் கைகள்! அடுத்து வைஸைத் தடவிப் பார்த்தார். பொட்டு இரும்புத்தூள் இல்லை. சுவரைப் பார்த்தார். புது வெள்ளை.

“ஃபிட்டர் படிக்கிற கையா சார் இது? பட்டறையா இது? பொதுக்கூட்டத்துக்கு ஆள் புடிக்கிற மாதிரி இல்ல புடிச்சு நிறுத்தியிருக்கீங்க! தலைக்கு எவ்வளவு? பிரியாணி உண்டா?”

ஆரோக்கியமேரி என்று ஒரு பெண், ஏலாக்குறிச்சி. பின்வரிசையிலிருந்து அவளுடைய குரல் வந்தது. “பிரியாணியா? வெடியக்காலையில வூட்ட வுட்டுக் கெளம்பி ரெண்டு பஸ்ஸு மாறி வரோம் மேடம். இங்க ஒரு டீக்குக்கூட நாதியில்ல.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடத்தின் முகம் இன்னும் கடுத்தது.

“இதுல ஒழுங்கா வந்தது ஒரே ஒருத்தர்தான். குமரேசன், அரும்பாவூர். தொண்ணூத்தஞ்சு சதவீதம். யாருப்பா அது? அவரைப் பாத்துக் கத்துக்குங்க!”

குமரேசன் கையைத் தூக்கினான். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஏன் சிரிக்கிறார்கள் என்று மேடத்துக்குப் புரியவில்லை. எனக்கும்தான். எனக்குச் சிரிப்பா வரும்? வாய் திறந்து உண்மையைச் சொன்னேன் – அரம், மணல், ரேஷன் கடை, வெளக்கெண்ணெய், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது!

“நல்லாத்தான் கதை சொல்றீங்க. பத்திரிகையில எழுதுறவராமே?” என்றார் மேடம். பேனாவைத் திறந்தார்.

மாஸ்டர் சுவரோரம் நின்றார். புது வெள்ளை முதுகெல்லாம் ஒட்டியது. அவருக்குத் தெரியவில்லை.

“அரத்தக் குடுங்க மேடம்.” ஆரோக்கியமேரிதான். “நாங்க ஃபிட்டரா இல்லியான்னு பாத்துட்டு எழுதுங்க. ராவி முடிச்சுக் கையக் கழுவிட்டு அந்த மெஷின்லயும் வெரல வெக்கிறோம். மதியம் வரைக்கும் டைம் குடுங்க, போதும்.”

அடுத்து அரியலூரில் இன்னொரு ஐ.டி.ஐ. பார்க்க வேண்டும் என்று மேடம் வாட்சைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பேனாவை மூடினார். “சரி. ராவுங்க.”

அடடா... அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! பத்து நாளாகப் பட்டினி கிடந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி பாய்ந்தார்கள். இடது கால் முன்னே, முழங்கை உடம்போடு ஒட்டி, கர்ர்க் கர்ர்க் என்று ஒரே தாளம். வாடகைக்குப் பிடித்துவந்த ஆள் அப்படி நிற்க முடியுமா? மேடம் ஒவ்வொருவர் பக்கமாக நடந்தார். மாஸ்டரிடம் மட்டம் பார்க்கும் ஸ்கொயரை வாங்கி, ஆரோக்கியமேரியின் துண்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இடுக்கில் வெளிச்சம் வரவில்லை, அவ்வளவு மட்டம். “ம்” என்றார். அவ்வளவுதான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். பத்து நாளாக, ‘மெஷின் எடுக்கணும், எடுக்கணும்’ என்று எல்லாச் சாமிக்கும் வேண்டியவன். இப்போது அதே சாமிகளிடம் எந்த முகத்தோடு போய், ‘எடுக்கவே கூடாது’ என்று கேட்பது?

வேலை முடிந்தது. குழாயடி. மணல், சோப்புத்தூள், பரபர. மேடமும் பின்னாலேயே போய்ப் பார்த்தார். போர்டையும் பார்த்தார். “யாரு எழுதினது?” முதல்வர் தன் ஷூவைப் பார்த்தார்.

முதல் ஆள் விரல் வைத்தான்.

“தேங்க் யூ.”

போச்சு! யார் என்று பார்த்தால்... குமரேசன்.

“அவன கணக்குல சேக்காதீங்க மேடம்!” ஆரோக்கியமேரி கத்தினாள். “நாங்க ஒரு பக்கம் முடிக்கையில அவன் அரத்தையே தேடிட்டு இருப்பான்.”

“நான் சிக்கனமா ராவுவேன் மேடம்” என்றான் குமரேசன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இரண்டாவது ஆள். “ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.”

உடனே விசில்! மூன்றாவது – ட்ரை அகெய்ன். நான்காவது – ட்ரை அகெய்ன். ஒவ்வொரு மறுப்புக்கும் கைதட்டல். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா, ‘நீ வரவில்லை’ என்று மெஷின் சொல்லச் சொல்ல ஒரு வகுப்பே குதித்ததை? சுமதி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஆரோக்கியமேரி மூன்று தடவை வைத்தாள். மூன்று தடவையும் மெஷின் அவளை யாரென்றே தெரியாது என்றது. ஏதோ கப் வாங்கியவள் மாதிரி விரலைத் தூக்கிக் காட்டினாள். மொத்தத்தில் குமரேசனோடு சேர்த்து நாலு பேரைத்தான் மெஷினுக்கு அடையாளம் தெரிந்தது.

லேப்டாப் தம்பி மெல்ல மேடம் காதருகே சாய்ந்தார். “மேடம், பழைய ரெக்கார்டுலயும் இந்த நாலு பேருக்குத்தான் அட்டெண்டன்ஸ் அதிகம்.”

மேடம் குமரேசனைப் பார்த்தார். குமரேசன் கூரையைப் பார்த்தான். காலையிலிருந்து சிரிக்காத அந்த அம்மா சிரித்தார் பாருங்கள்... ஜீப் டிரைவர் எழுந்து ஓடிவந்துவிட்டார், என்னமோ ஏதோவென்று.

நான் அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். ரேஷன் கடையில், பேங்கில், நூறுநாள் வேலையில்... எங்கே போனாலும் விரலை வை, விரலை வை என்கிறார்கள். உழைக்காத விரல் டக்கென்று தெரிகிறது. உழைத்த விரல்தான் திரும்பத் திரும்ப வரிசையில் நிற்கிறது. இதை எந்த நிபந்தனையில் எழுதுவது?

அன்று அங்கேயே உட்கார்ந்து மேடம் எழுதினார். விதியை மீறி ஒரு வரி எழுதவில்லை, எங்களைத் தூக்கியும் எழுதவில்லை. ‘பயிற்சி முறையாக நடப்பதை நேரில் கண்டேன், வருகைப் பதிவுக்கு மாற்று ஏற்பாடு தேவை, இரண்டாம் தவணையை விடுவிக்கலாம்.’ எங்களுக்கு முன்னாலேயே படித்துக் காட்டினார். மாஸ்டர் கும்பிட்டார். திரும்பியபோதுதான் அந்த வெள்ளை முதுகை எல்லாரும் பார்த்தோம். ஆரோக்கியமேரி தட்டிவிட்டாள்.

ஜீப்பில் ஏறுமுன் மேடம் என்னைக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

“நீங்க ஒண்ணுமே செய்யாம வூட்டுல இருந்திருந்தா, காலையிலேயே மெஷின் கோளாறுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன் சார்” என்றார்.

மறுநாளிலிருந்து பட்டறையில் பழைய கர்ர்க் கர்ர்க். முகத்தைப் பார்த்து வருகை எடுக்கும் புது மெஷின் வரப்போகிறதாம். வெல்டிங் பிள்ளைகள் முகமெல்லாம் கரியாக நிற்பார்களே என்று எனக்கு இப்போதே தூக்கம் வரவில்லை. டிரஸ்டும் இறங்கிவந்து, பணம் வரும்வரை ஃபிட்டர் பிரிவு நடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறது. சுமதி தினமும் காலையில் முதல் வேலையாக பேங்க் கணக்கைப் பார்க்கிறார். நான் தினமும் சுமதிக்குப் போன் செய்கிறேன். இன்று காலையும் செய்தேன்.

வர வேண்டிய பாக்கி: ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.